எங்கள் ஞாயிறு வாத்தியக் கூட்டம்

வெளியூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பரணில் என்னென்ன இருக்கும் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். பித்தளை அண்டா இருக்கும். குழந்தைகள் படுத்த தொட்டில் இருக்கும். கொலு பொம்மைப் பெட்டி இருக்கும். இவற்றுக்குப் பின்னால், பழைய புடவையில் சுற்றிய ஒரு வாத்தியமும் இருக்கும்.

அது வீணையாக இருக்கலாம். வில்லில் மயிர் உதிர்ந்த வயலினாக இருக்கலாம். வலந்தலை கிழிந்த மிருதங்கமாக இருக்கலாம். ஊரில் ஐந்தாறு வருடம் கற்றுக்கொண்டது. கல்யாணம், உத்தியோக மாற்றம் என்று ரயிலேறியபோது கூடவே வந்தது. முதல் வருடத்தில் இரண்டு முறை வெளியே எடுத்திருப்பார்கள். பிறகு குழந்தை, பள்ளிக்கூடம், எட்டரை மணி லோக்கல் என்று ஆனதும் வாத்தியம் பரண் ஏறிவிட்டது.

எடுத்து வாசிக்கக் கூடாதா என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "நான் என்ன கச்சேரியா பண்ணப் போறேன்?"

இந்தப் பதிலில்தான் கோளாறு இருக்கிறது என்பது என் கட்சி. சங்கீதம் என்றால் மேடையில் வித்வான், கீழே ரசிகர் என்ற இரண்டு பிரிவு மட்டுமே உண்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதாக ஒரு பிரிவு உண்டு. ஆசைக்காக வாசிப்பவர்கள். நாடகத்தில் இது நமக்குப் புதிதே அல்ல. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டினார்கள். அமெச்சூர் நாடகம் என்று அதைப் பெருமையாகவே சொன்னோம். அமெச்சூர் சங்கீதம் என்றால் மட்டும் ஏனோ உதட்டைப் பிதுக்குகிறோம்.

மும்பை செம்பூரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிற எங்கள் வாத்தியக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாள் எண்ணம். இப்போது எழுதுவதற்கு ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொலுவில் பிறந்தது

2004 நவராத்திரி. எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டுக் கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளப் போயிருந்தோம். ஏழு பெண்கள். யாரைப் பாடச் சொன்னாலும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, ஏழு பேரில் ஐந்து பேர் ஏதோ ஒரு வாத்தியம் கற்றவர்கள் என்று. பதினைந்து, இருபது வருடமாக ஒரே லிப்டில் ஏறி இறங்கியவர்கள்! யார் வீட்டில் எந்தக் காய் சமைக்கிறார்கள் என்பது தெரியும். யார் கையில் என்ன வித்தை இருக்கிறது என்பது தெரியாது.

"அடுத்த மாசம் எல்லாரும் அவாவா வாத்தியத்தை எடுத்துண்டு எங்காத்துக்கு வாங்கோ. வாசிக்க வந்தா வாசிக்கலாம், இல்லேன்னா காபி குடிச்சுட்டுப் போகலாம்" என்றார் அந்த வீட்டு மாமி. அவ்வளவுதான். தலைவர், செயலாளர், பொருளாளர் யாரும் இல்லாமல் ஒரு கூட்டம் தொடங்கிவிட்டது. இன்றுவரை அதற்குப் பெயரும் கிடையாது, சந்தாவும் கிடையாது.

நேரம் மட்டும் திட்டமாக உண்டு. இரண்டாம் ஞாயிறு, மாலை நாலரை மணி. ஹார்பர் லைனில் ஞாயிற்றுக்கிழமை 'மெகா பிளாக்' என்றால் என்ன என்று மும்பைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது முடிந்து ரயில் ஓடத் தொடங்கினால்தான் வாஷியிலிருந்தும் வடாலாவிலிருந்தும் ஆட்கள் வந்து சேர முடியும்.

யார் யார்?

பெண்களாகத் தொடங்கிய கூட்டம் மெல்ல விரிந்தது. இப்போது சராசரியாகப் பதினான்கு பேர் வருகிறோம். வீணை இரண்டு, வயலின் இரண்டு (அதில் ஒன்று அடியேனுடையது), புல்லாங்குழல் ஒன்று, மிருதங்கம் ஒன்று, மானாமதுரைக் கடம் ஒன்று. கடம் வாசிப்பவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நாற்பது வருஷம் கவுண்ட்டரில் தட்டினேன், இப்போ கடத்தில் தட்டறேன்" என்பார்.

திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வாத்தியம் தெரியாது, ஆனால் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து பாட ஆரம்பித்தால் அறையில் யாருடைய கையும் சும்மா இராது. தாராவியிலிருந்து வருகிற இளைஞர் ஒருவர், அப்பாவிடம் தவில் கற்றவர். தவில் ஓர் அறைக்குள் அடங்குகிற வாத்தியம் அல்லவே! முதல் நாள் அவர் வாசித்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாம் மாடியிலிருந்து செக்ரட்டரி இறங்கி வந்துவிட்டார். அதற்குப் பிறகு அறையில் அவர் வாயாலேயே சொற்கட்டு சொல்கிறார். குழந்தைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து 'தகதிமி' சொல்லி நாக்குப் பழகுகிறார்கள். பொங்கல் மாதத்துக் கூட்டம் மட்டும் மொட்டை மாடியில். அன்று தவிலுக்கு முதல் மரியாதை.

பக்கத்துக் கட்டடத்து மராட்டியப் பெரியவர் ஹார்மோனியத்தோடு வருகிறார், அபங்கம் பாடுகிறார். நமக்கும் அபங்கத்துக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. தஞ்சையை மராட்டியர் ஆண்ட பதினேழாம் நூற்றாண்டிலிருந்து அது நம் பஜனை சம்பிரதாயத்தில் கலந்திருக்கிறது. ஹார்மோனியத்தில் கமகம் பேசாது என்று எங்களில் சிலர் முதலில் முகம் சுளித்தது உண்மை. அகில இந்திய வானொலியே 1940 முதல் 1971 வரை அதைத் தள்ளி வைத்திருந்ததே! "வானொலியே மன்னித்துவிட்டது, நாம் யார்?" என்று வீணை மாமி ஒரு போடு போட்டார். விவகாரம் அத்தோடு முடிந்தது.

சுருதிச் சண்டை

பல பேர் சேர்ந்து வாசிப்பது, பல பேர் சேர்ந்து சமைப்பதைப் போலத்தான். முதல் சண்டை அடுப்பில் அல்ல, சுருதியில்.

ஆண்கள் ஒரு கட்டையில் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டை. வீணை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். புல்லாங்குழல் ஒவ்வொரு சுருதிக்கும் ஒன்று வேண்டும். மிருதங்கத்திலும் தக்குச் சுருதிக்கு ஒன்று, உச்சச் சுருதிக்கு ஒன்று வேண்டும். வித்வான்கள் இரண்டு மூன்று வைத்திருப்பார்கள். நம்மிடம் இருப்பது ஒன்றே ஒன்று. ஆகவே முதல் பாதி ஒரு சுருதி, காபிக்குப் பிறகு வேறு சுருதி என்று பிரித்தோம். மிருதங்கம் ஒத்துவராத பாதியில் கடமும் சொற்கட்டும் தாளத்தைப் பார்த்துக்கொள்ளும். மிருதங்கக்காரருக்கும் காபி ஆறாமல் கிடைக்கும்.

அடுத்த கேள்வி, எதை வாசிப்பது? ஒருவர் மாயவரத்தில் கற்றவர், ஒருவர் பாலக்காட்டில், ஒருவர் மாட்டுங்காவில். ஒரே கீர்த்தனைக்கு மூன்று பாடம். இதற்கு விடை கண்டுபிடித்தவர் எங்களில் மிகக் குறைவாகக் கற்றவர்தான். அவர் வீணை மாமியின் நாத்தனார். அறுபத்தெட்டு வயதில் மறுபடி வீணையைத் தொட்டவர். விரலில் காய்ப்பு மறைந்து பல வருடம் ஆகியிருந்ததால், தந்தியை அழுத்தினால் வலி உயிர் போகும். நினைவில் இருந்தது மலஹரி ராகத்துக் கீதம் ஒன்றே ஒன்று. மாதா மாதம் தம் முறை வரும்போது அதையே வாசிப்பார்.

நாலாவது மாதம், அவர் வாசித்துக்கொண்டிருக்கையில் வயலின் சேர்ந்துகொண்டது. பிறகு குழல். பிறகு எல்லோரும். ஏன் தெரியுமா? புரந்தரதாசர் வகுத்த பாடமுறையில் கற்ற யாரும் மலஹரி கீதத்தைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. மாயவரமும் பாலக்காடும் மாட்டுங்காவும் அந்த ஓர் இடத்தில் ஒன்று. எங்களுக்குப் பொதுவான சொத்து மேலே இல்லை, அடியில் இருந்தது! அன்று முதல் எங்கள் கூட்டம் சரளி வரிசையில் தொடங்கி, கீதம், ஒரு வர்ணம் என்று ஏறும். அதற்கு மேல் யாருக்கு எது வருமோ அது.

இன்னோர் அதிசயம் நோட்டுஸ்வரம். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் ஏறக்குறைய நாற்பது சிறு உருப்படிகளைச் சமஸ்கிருதத்தில் இயற்றினார் அல்லவா? கமகம் அதிகம் தேவைப்படாத அந்த மெட்டுகளில் எங்கள் கட்டடத்துக் கிட்டார் பையனும் உட்கார முடிந்தது. கல்லூரியில் படிக்கிறவன். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. தீட்சிதர் இருநூறு வருடத்துக்கு முன்பே தனக்கு ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் அவனுக்கு ஒரே குஷி.

மைக் வந்தது, மாமி போனார்

எல்லாம் இப்படிச் சுகமாகவே போகவில்லை. 2012-ல் ஒரு சோதனை வந்தது.

"இவ்வளவு பேர் வாசிக்கிறீர்கள், நவராத்திரியில் மேடை ஏறினால் என்ன?" என்று ஒரு நலம் விரும்பி கேட்டார். மைக், ஸ்பீக்கர், ஜமுக்காளம் எல்லாம் அவர் செலவு. நாங்களும் மயங்கினோம். இரண்டு மாதம் ஒத்திகை. ஒத்திகை என்றதும் 'நீங்கள் இந்த இடத்தில் வாசிக்க வேண்டாம்', 'நீங்கள் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுகள் நுழைந்தன. மலஹரி கீதம் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. சபையில் போய்க் கீதமா வாசிப்பது?

நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. கை தட்டினார்கள். சால்வை போட்டார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பதினான்கு பேரில் எட்டுப் பேர்தான் வந்தார்கள். நாத்தனார் மாமி வரவில்லை. விசாரிக்கப் போனபோது, "நீங்கள்ளாம் நன்னா வாசிக்கிறேள். நான் எதுக்கு நடுவிலே?" என்றார் சிரித்துக்கொண்டே. வீணை மறுபடி புடவைக்குள் போயிருந்தது.

அன்று காபி ஆறியும் பேச்சு ஓயவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மேடை ஏற விரும்புகிறவர்கள் தனியாக ஏறட்டும். எங்கள் வாழ்த்து உண்டு. இந்த அறைக்குள் மைக் வராது. மலஹரி மறுபடி வந்தது. மூன்று மாதம் கழித்து நாத்தனார் மாமியும் வந்தார். மற்ற ஐந்து பேரில் இருவர் திரும்பவே இல்லை.

நான் மைக்குக்கு விரோதி அல்ல. பெரிய சபைக்கு அது இல்லாமல் முடியாது. 1952-ல் தோன்றிய நம் ஷண்முகானந்தா சபையின் அரங்கம் 1990-ல் தீக்கிரையாகி 1998-ல் மீண்டும் திறந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. பால்கனிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து வீணையின் அனுஸ்வரத்தைக் கேட்க முடிகிறதென்றால் அது மைக்கின் புண்ணியம்.

ஆனால் அது இல்லாதபோது வேறொன்று நடக்கிறது. வீணையின் நாதம் மெல்லியது. மிருதங்கம் ஓங்கி ஒலித்தால் அது காணாமல் போய்விடும். ஸ்பீக்கர் இருந்தால் யாரோ ஒரு பொத்தானைத் திருகிச் சரி செய்வார். இல்லாதபோது மிருதங்கக்காரர்தான் தணிய வேண்டும். வீணையைக் கேட்டுக் கேட்டு, விரல் நுனியால் வாசிக்க வேண்டும். வயலின் வில்லை அழுத்தாமல் இழுக்க வேண்டும். பலமான வாத்தியம் பலவீனமான வாத்தியத்துக்காகத் தன்னைக் குறைத்துக்கொள்வதுதான் எங்கள் கூட்டத்தின் முழு சாஸ்திரமும். நன்றாக வாசிப்பதைவிட இது கடினம். வீட்டிலும் ஆபீஸிலும் சொஸைட்டி மீட்டிங்கிலும் இந்தப் பழக்கம் நமக்கு எவ்வளவு தேவை என்று நான் விளக்கத் தேவையில்லை.

மழையும் கொள்ளை நோயும்

மும்பையின் நாலு மாத மழை வாத்தியங்களுக்குப் பெரும் பகை. ஈரக் காற்றில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வயலின் பிருடை ஊறிப்போய்த் திருகினால் அசையாது. கோடையில் வேறு விதம். வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகில் பதித்தவை. வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு நகர்ந்து ஸ்வரம் பிசகும். மறுபடி மேளம் கட்ட வேண்டும். அதற்குத் தேர்ந்த ஆள் இங்கே சுலபத்தில் அகப்படுவதில்லை. ஊருக்குப் போகும்போது தூக்கிப் போக வேண்டும். ஆகவே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: யார் ஊருக்குப் போனாலும் மற்றவர்களின் தந்தி, வில், தோல் வேலைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போவது. ஜூன் பிறந்தால் வாத்தியத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் கட்டில் மேல் வைப்பது. எல்லாவற்றையும்விட நல்ல மருந்து ஒன்று உண்டு. தினமும் பத்து நிமிஷம் வாசிப்பது!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கூட்டம் நின்றது. போனில் முகம் பார்த்துக்கொண்டே சேர்ந்து வாசிக்கலாம் என்று முயன்றோம். நடக்கவில்லை. குரல் போய்ச் சேர ஒரு கணம் பிந்துகிறது. பேச்சுக்கு அது ஒன்றுமில்லை. தாளத்துக்கு அது பள்ளம். எனக்குச் சமம் விழும்போது கடக்காரருக்கு இன்னும் விழவில்லை. ஆகவே ஒருவர் வாசிப்பது, மற்றவர்கள் தங்கள் வீட்டில் தாளம் போடுவது என்று ஒன்றரை வருடம் ஓட்டினோம். அந்த நாட்களில் இருவரை இழந்தோம். புல்லாங்குழல் வாசித்த முதல் பெரியவர் ஒருவர். நாத்தனார் மாமி மற்றொருவர். 2022-ல் மறுபடி ஒன்றுகூடிய அன்று முதலில் மலஹரிதான் வாசித்தோம். யாரும் எதுவும் பேசவில்லை.

மாமியின் வீணையை அவருடைய பேத்தி வைத்திருக்கிறாள். வாசிக்கிறாளா என்று கேட்பீர்கள். இல்லை, இதுவரை இல்லை. ஆனால் பரணில் ஏற்றவில்லை. ஹாலில் வைத்திருக்கிறாள்.

நீங்களும் தொடங்கலாம்

பூனாவிலோ நாக்பூரிலோ ஜம்ஷெட்பூரிலோ இதைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் கண்ட சில விதிகள்:

1. நாலு பேர் போதும். வித்வான் வந்தால் வரவேற்கலாம். வந்தே ஆக வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

2. வட்டமாக உட்காருங்கள். வரிசையாக உட்கார்ந்தால் முன் வரிசை, பின் வரிசை வந்துவிடும். வாசிக்காதவர்கள் தாளம் போடட்டும். வெறுமே கேட்பவர் என்று ஒருவரும் வேண்டாம்.

3. கேட்காமல் திருத்தம் சொல்லக் கூடாது. கேட்டால் ஒன்று மட்டும் சொல்லலாம்.

4. குழந்தையை 'வாசித்துக் காட்டு' என்று தள்ளக் கூடாது. அதுவாக வரும்வரை விளையாடட்டும்.

5. ஒரு காபி, ஒரு தின்பண்டம். சுண்டல் போளியாகி, போளி விருந்தாகி, அடுத்த மாதம் யார் வீடு என்று பயந்தே பல கூட்டங்கள் கலைந்திருக்கின்றன.

6. ஆறு மாதத்துக்குள் யாராவது மேடை, மைக் என்பார்கள். அன்று ஞாபகமாக இந்தக் கட்டுரையை எடுத்துப் படியுங்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிய ஏற்பாடும் அல்ல. பாபநாசம் சிவன் மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை நடத்தியபோது கூடவே பாடிப் போனவர்கள் எல்லாருமா வித்வான்கள்? திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று பஞ்சரத்தினம் பாடும்போது பெரிய வித்வானுக்குப் பின்னால் நேற்றுக் கற்றவரும் உட்கார்ந்து பாடுகிறார். அந்த ஒரு நாளை நாங்கள் மாதம் ஒரு நாளாக்கிக்கொண்டோம், அவ்வளவுதான்.

இனி, முதலில் சொன்ன அவசரம். எங்கள் கட்டடம் ஐம்பது வருடப் பழசு. செம்பூர் முழுவதும் பழைய கட்டடங்கள் இடிந்து உயர்ந்துகொண்டிருக்கின்றன. எங்கள் சொஸைட்டியும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. புதுக் கட்டடம் எழும்ப மூன்று, நாலு வருடம் ஆகும். அதுவரை ஆளுக்கொரு திசையில் வாடகை வீடு. சிலர் பனவேலுக்குப் போகிறார்கள். ஒருவர் கோயம்புத்தூருக்கே போகிறார். நாங்கள் கூடுகிற கீழ்த்தள அறைதான் முதலில் இடிபடப்போவது.

ஆகவே, ஒரு விண்ணப்பம். சயான், மாட்டுங்கா, செம்பூர், காட்கோபர் வட்டாரத்தில் பதினைந்து பேர் வட்டமாக உட்காரக்கூடிய ஓர் அறை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி நேரம் கிடைக்குமானால் சங்க அலுவலகத்தில் தெரிவியுங்கள். ஏ.சி. வேண்டாம், நாற்காலி வேண்டாம், மைக் நிச்சயமாக வேண்டாம். வீணை காதில் விழுகிற அளவுக்கு அமைதி இருந்தால் போதும். காபி எங்கள் பொறுப்பு.